மத்தியான ஜெபம்

சேசு மரி சூசை துணை

சவேரியார்குடிக்காடு,
வரதராஜன்பேட்டை தபால்.
9-1-1944

அன்புள்ள தம்பி அடைக்கலசாமிக்கு அக்கா மரிய புஷ்பம் எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் அப்பாவும் சுகம். பனிக்கு அப்பாவின் இடுப்பு வலி கூடியிருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. அரியலூர் ஸ்டேஷனில் உனக்கு ராத்திரி டூட்டி மாறிவிட்டதா, தலைவலி எப்படியிருக்கிறது என்று எழுது.

முதலில் நல்ல சேதி. நீ கடைசியாக அனுப்பிய மணியார்டரோடு அப்பா வண்டியிலிருந்து விழுந்தபோது வைத்தியத்துக்கு வாங்கிய கடன் தீர்ந்தது. பத்திரத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அதில் காய்ச்சிய காப்பியை அப்பா குடித்துவிட்டு, கசக்கிறது என்றார்.

இனி என் முறை. உனக்கு ரயில்வே உத்தரவு வந்த வாரம் நாம் இருவரும் ஏலாக்குறிச்சிக்கு நடந்து போனோம். அடைக்கல மாதா பீடத்துக்கு முன்னால் நீ மெழுகுவத்தி ஏற்றி, "கடன் தீந்ததும் அக்கா நர்ஸு படிக்கப் போவட்டும், அப்பாவ நான் பாத்துக்கறேன், இது ஒனக்கு நேர்ச்ச தாயே" என்று வாய்விட்டுச் சொன்னாய். பக்கத்தில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

என்னோடு படித்த லீலா மேரி திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். ஜூலையில் புதிதாக ஆள் எடுக்கிறார்களாம். சாப்பாடு, துணி, தங்க இடம் எல்லாம் அவர்களே. முப்பது வயது முடிந்தவர்களை எடுக்கமாட்டார்கள். எனக்கு வருகிற அக்டோபரில் முப்பது முடிகிறது, ஆகவே இந்த ஜூலைதான் எனக்கு உண்டு. சித்திரையில் பள்ளிக்கூடத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவேன். பக்கத்து வீட்டுச் செங்கமலம் அக்கா அப்பாவுக்குச் சமைத்துப் போட்டுப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறது. அதற்கு உன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் அனுப்பினால் போதும்.

போன வருஷம் தா.பழூரில் காலரா வந்தபோது டீச்சர்களையும் உதவிக்குக் கூப்பிட்டார்கள் அல்லவா? உப்புத் தண்ணீர் ஏற்றுகிற புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிழைக்கமாட்டாள் என்று ஓரமாகக் கிடத்தியிருந்த இருசம்மாள் என்பவள் கண் திறந்து, "கஞ்சி இருக்கா" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் நான் வேலை செய்தேன் என்று எனக்குத் தோன்றியது. இங்கே வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது என் மனசு எங்கேயோ இருக்கிறது. பிள்ளைகளுக்கும் அது தெரியும், பாவம்.

உடனே பதில் போடு.

இப்படிக்கு, உன் அக்கா
மரிய புஷ்பம்


அரியலூர் ஸ்டேஷன்,
2-2-1944

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி அடைக்கலசாமி தோத்திரம். நான் சுகம். உன் சுகத்துக்கும் அப்பாவின் சுகத்துக்கும் மாதாவை வேண்டிக்கொள்கிறேன். பதில் எழுதச் சுணங்கிவிட்டது. பட்டாள ஸ்பெஷல் வண்டிகள் நேரம் காலம் இல்லாமல் வருகின்றன. தந்திக் கருவிக்கு முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடிவதில்லை.

கடன் தீர்ந்தது பற்றி மிகவும் சந்தோஷம்.

இங்கே ஒன்று நடந்தது. பக்கத்து ஊரிலிருந்து செல்வம்மாள் என்று ஒரு அம்மாள் வாரா வாரம் ஸ்டேஷனுக்கு வரும். மகன் பர்மா எல்லையில் ரோடு போடும் படையில் இருந்தான். போன வாரம் தந்தி வந்தது. நான்தான் காதால் கேட்டு எழுதினேன். அந்த அம்மாளிடம் கொடுத்தபோது, சர்க்கார் காகிதத்தில் வந்திருக்கிறது, மகனுக்கு லீவு கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கண்ணில் ஒற்றிக்கொண்டது. மடியிலிருந்து வெற்றிலை எடுத்து என் கையில் வைத்து, "என்னிக்கு வாரான்னு படிச்சுச் சொல்லு தம்பி" என்றது. அதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வெற்றிலை இன்னும் மேஜையில் காய்ந்து கிடக்கிறது.

எனக்குத் தலைவலி என்று எழுதியிருந்தாய். அது தலைவலி இல்லை அக்கா. 'கட்டு கடா' என்று அந்தக் கருவி அடிக்கத் தொடங்கினாலே இன்றைக்கு யார் வீட்டுப் பிள்ளையோ என்று காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

சாயங்காலங்களில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்ஸ் ஷெட் நிழலில் உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு உடம்பு சரியாக இருக்கிறது. மற்றவை பின்பு.

இப்படிக்கு,
அ. அடைக்கலசாமி, சிக்னலர்


சவேரியார்குடிக்காடு,
11-2-1944

அன்புள்ள தம்பிக்கு, இங்கு எல்லோரும் சுகம். அப்பாவுக்கு இருமல், தூதுவளை கொடுக்கிறேன்.

செல்வம்மாள் சங்கதியைப் படித்து அழுதேன். அன்றைக்குச் சாயங்காலம் கோயிலில் அவள் மகனுக்காக ஒரு ஜெபமாலை சொன்னேன். உன் மேல் எனக்கு இரக்கம் இல்லாமல் இல்லை.

ஆனால் நான் மூன்று பக்கம் எழுதிக் கேட்டதற்கு நீ ஒரு வரி பதில் எழுதவில்லை. ஜூலை என்ற சொல்லே உன் கடிதத்தில் கிடையாது. கடன் தீர்ந்தது பற்றிச் சந்தோஷம், அதோடு சரி. என்ன சந்தோஷம், யாருக்குச் சந்தோஷம் என்று எழுதக் கை வரவில்லையா?

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அப்பாவுக்கு மாதாமாதம் அனுப்புவாயா மாட்டாயா? ஒரு கார்டில் ஆம் என்று எழுதினால் போதும். லீலா மேரிக்கு நான் பதில் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
மரிய புஷ்பம்


போர்டு ஆரம்பப் பாடசாலை,
நொச்சிக்காடு,
பெரம்பலூர் தபால்.
20-3-1944

அன்புள்ள அக்காவுக்குத் தோத்திரம். நான் மிகவும் சுகம். இவ்வளவு சுகமாக இருந்து வெகுநாள் ஆயிற்று. உங்கள் இருவர் சுகத்துக்கும் எழுதவும்.

மேலே உள்ள விலாசத்தைப் பார்த்துத் திடுக்கிடாதே. நான் ரயில்வேயை விட்டுவிட்டேன். சண்டைக் காலத்தில் சும்மா விடமாட்டார்கள். அசிஸ்டென்ட் ஸ்டேஷன் மாஸ்டர் பரீட்சைக்குக் கண் பார்க்கக் கூப்பிட்டார்கள். டாக்டர் காட்டிய பச்சை விளக்கைச் சிவப்பு என்றேன், சிவப்பை மஞ்சள் என்றேன். பார்சல் ஆபீஸில் உட்காருகிறாயா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். இனி ரயில்வேயில் யாரும் என்னைக் கூப்பிட முடியாது, அதுவே எனக்கு நிம்மதி.

இது ஓராசிரியர் பள்ளி. அழகேசன் என்று பெரம்பலூர் டவுனில் ஒருவர் சொல்லி இடம் கிடைத்தது. ஆள் கிடைக்காததால் பயிற்சி இல்லாதவனையும் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் எல்லாம் பண்ணையில் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். இதுவரை யாரும் இவர்களை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. இவர்கள் வீட்டுக்கு ஒரு தந்தி வந்தால் இவர்களே படிக்க வேண்டும் அக்கா, அவ்வளவுதான் என் ஆசை. சம்பளம் குறைவுதான். உன் சம்பளம்தான் எனக்கும். ஒருவனுக்குப் போதும்.

ஏலாக்குறிச்சி நேர்ச்சையைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். அரியலூரில் பங்குச் சாமியாரைப் பார்த்து, மாதாவுக்கு ஒன்று நேர்ந்தேன், நிறைவேற்ற முடியவில்லை என்று சொன்னேன். அவர் அதை மாற்றிக் கொடுத்துவிட்டார். என் உயரத்துக்கு ஒரு மெழுகுவத்தி, ஒரு மாதம் ஜெபமாலை, ஏழைகளுக்கு ஒரு வேளைச் சோறு. மூன்றையும் முடித்துவிட்டேன். மாதாவுக்குக் குறை வைக்கவில்லை.

நீ செய்கிற வேலைதானே, உனக்குத் தெரியாததா? இன்னும் ஓரிரு வருஷம் நீ பார்த்துக்கொண்டால் பிறகு யோசிக்கலாம். மத்தியானம்கூடச் சாப்பாட்டு வேளையில் கோயிலில் முழங்காலில் இருப்பவள் நீ. ஊரே உன்னைப் புண்ணியவதி என்கிறது. என்னை விட நீ பொறுப்பாய்.

அன்புள்ள தம்பி,
அடைக்கலசாமி


சவேரியார்குடிக்காடு,
27-3-1944

அடைக்கலசாமிக்கு,

இங்கு சுகம். அங்கு சுகமா என்று கேட்க இந்தத் தடவை மனசு வரவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ரயில்வேயை விட்டான் என்ற வரியில் துண்டை எடுத்து மூஞ்சியை மூடிக்கொண்டார். பிறகு துண்டை எடுத்துவிட்டு, "சரி, நீ இருக்கியே" என்றார். உனக்கும் அதே எண்ணம்தான். நான் இருக்கிறேன். நடு வீட்டில் உரல் இருப்பதைப்போல இருக்கிறேன், யார் எங்கே போனாலும் அது அங்கேயே இருக்கும் என்று.

நேர்ச்சையை மாற்றிவிட்டாயாம். மெழுகுவத்தி ஏற்றினாயாம். எனக்கு ஒன்று மட்டும் சொல். சாமியார் மாற்றிக் கொடுத்தது மாதாவுக்குக் கொடுத்த வார்த்தையை. எனக்குக் கொடுத்த வார்த்தையை எந்தச் சாமியார் மாற்றினார்? அதற்கு எத்தனை முழத்தில் மெழுகுவத்தி? எனக்குச் சேர வேண்டியதைக் கரைத்து யாரோ ஏழைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, குறை வைக்கவில்லை என்று எழுதுகிறாய். அந்தப் பந்தியில் என்னை உட்கார வைத்தாயா?

நீ அந்தக் கருவிக்கு முன்னால் படும் பாட்டை எழுதியபோதே, "அக்கா, என்னால் முடியவில்லை, என்ன செய்யலாம்" என்று ஒரு வரி கேட்டிருந்தால் இரண்டு பேரும் யோசித்திருப்போம். பார்சல் ஆபீஸில் தந்தி கிடையாது. அங்கே ஒரு வருஷம் உட்கார்ந்திருக்கலாம். நீ கேட்கவில்லை. கண் தெரியவில்லை என்று பொய் சொல்லித் திரும்பிப் போகிற வழியையும் அடைத்துவிட்டு, பிறகு எனக்கு விலாசம் எழுதுகிறாய்.

நீ செய்கிற வேலைதானே என்கிறாய். ஆசைப்பட்டு ஒரு வேலைக்குப் போகிறவனும் அதே வேலையில் கட்டிப்போடப்பட்டவளும் ஒரே வேலையா செய்கிறார்கள்? காலையில் கோயில் மணி, பூசைக்குப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப் போவது, பிறகு பாடம், ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேசம், திருவிழாவுக்குத் தோரணம். ஒன்பது வருஷம் செய்திருக்கிறேன். ஒரு நாளும் எனக்கு அது பிடித்ததில்லை. நீ ஒரு மணி நேரம் கூட்ஸ் ஷெட் நிழலில் செய்து பார்த்துவிட்டுச் சுகமாக இருக்கிறது என்கிறாய்.

என்னைப் புண்ணியவதி என்று எழுதாதே. உடம்பு எரிகிறது.

மரிய புஷ்பம்


நொச்சிக்காடு,
15-4-1944

அக்காவுக்கு,

நான் சுகம். அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது?

நீ இவ்வளவு எழுதியதால் நானும் எழுதுகிறேன். என்னை ரயில்வேக்கு அனுப்பியது யார்? மனுவை எழுதியது நீ. கையெழுத்து மட்டும் நான் போட்டேன். பதினெட்டு வயதில் எனக்கு என்ன பிடிக்கும் என்று நீ கேட்டாயா? கடன், கடன் என்றாய். மாதாமாதம் மணியார்டர் வந்தால் தம்பி நல்லவன். வராவிட்டால் பொய்யன். செல்வம்மாளுக்காக ஜெபமாலை சொன்னாய், சரி, அடுத்த வரியில் அனுப்புவாயா மாட்டாயா என்று கேட்டாய். உனக்கு அரியலூரில் ஒரு தம்பி இருந்தானா, ஒரு மணியார்டர் ஆபீஸ் இருந்ததா?

நர்ஸ் வேலை என்ன வேலை என்று நினைத்தாயா? ரத்தமும் சீழும். முன்பின் தெரியாத ஆண்பிள்ளைகளைத் தொட்டுத் தூக்க வேண்டும். நாளைக்கு உன்னைப் பெண் கேட்டு யார் வருவார்கள்? அப்பாவுக்கும் இதில் சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரியும். கௌரவமாக டீச்சர் என்று கூப்பிடுகிற வேலை கையில் இருக்கிறது. கோயில் பக்கத்தில் வீடு. இதைவிட என்ன வேண்டும்?

எனக்குப் பிடித்த வேலை கிடைத்திருக்கிறது. அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

அடைக்கலசாமி


சவேரியார்குடிக்காடு,
3-5-1944

தம்பிக்கு,

இங்கு இருவரும் சுகம். இருமல் நின்றுவிட்டது.

மனுவை நான் எழுதியது உண்மை. உன்னைக் கேட்காததும் உண்மை. அதே தப்பைத் திருப்பி எனக்குச் செய்துவிட்டு நியாயம் என்கிறாய். பெண் கேட்டு யார் வருவார்கள் என்று ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக உனக்குக் கவலை வந்திருக்கிறது. இதுவரை வந்தவர்களை அப்பா, "எம்பொண்ணு போயிட்டா எனக்கு யாரு கஞ்சி ஊத்துறது" என்று சொல்லித் திருப்பி அனுப்பியபோது நீ எங்கே இருந்தாய்?

நம் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். அவர்தான் பள்ளிக்கூட மேனேஜரும் என்பது உனக்குத் தெரியும். "தம்பி மாதாவுக்கு நேர்ந்தத ஒரு சாமியாரு மாத்திக் குடுத்துட்டாருங்க சாமி. எனக்குச் சொன்ன வார்த்தையும் அதோட மாறிப்போச்சுங்களா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொருத்தருக்குச் சேர வேண்டியது அதுல இருந்தா யாராலும் மாத்த முடியாதும்மா. ஒன்னப் பத்தி அவன் அங்க சொல்லியிருக்க மாட்டான்" என்றார். நீ சொன்னாயா? சொல்லியிருக்கமாட்டாய். ஒன்று நேர்ந்தேன் என்று மட்டும் சொன்னதாக நீயே எழுதியிருக்கிறாய். அந்த 'ஒன்று' நான்.

இனி இதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. உன்னிடம் கேட்கவும் ஒன்றும் இல்லை. சில விஷயம் மட்டும் தெரிய வேண்டும். நீ இருக்கும் வீட்டுக்கு வாசலில் படி உண்டா? கிணறு பக்கமா? கயிற்றுக் கட்டில் போட இடம் இருக்கிறதா? மத்தியான வெயில் உள்ளே அடிக்குமா? பெரம்பலூர் பஸ் எங்கே நிற்கும்?

மரிய புஷ்பம்


நொச்சிக்காடு,
14-5-1944

அன்புள்ள அக்காவுக்குத் தோத்திரம். நான் சுகம். உன் கடிதம் கண்டு மனசு லேசாயிற்று. நீ வீட்டைப் பற்றிக் கேட்டதிலிருந்தே கோபம் தணிந்தது தெரிகிறது. பரீட்சை லீவில் இங்கே வந்து பார்க்க நினைக்கிறாய் போலிருக்கிறது. தாராளமாக வா.

வாசலில் படி கிடையாது, தரையோடு தரையாக வீடு. கிணறு எதிரிலேயே. கட்டில் போடலாம். வேப்பமரம் இருப்பதால் வெயில் வராது. பெரம்பலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நொச்சிக்காட்டு வாத்தியார் வீடு என்று கேட்டால் வண்டிக்காரர்கள் கொண்டுவந்து விடுவார்கள். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ் ஆனதால் எப்போது வரும் என்று மட்டும் சொல்ல முடியாது.

இங்கே அய்யம்பெருமாள் என்று ஒருவர். பண்ணையில் ஏர் ஓட்டுகிறார். அவர் மகள் கொளஞ்சியம்மாள் நேற்றுத் தன் பெயரை மணலில் முழுவதும் எழுதினாள். அதை யாரும் மிதிக்கக் கூடாது என்று அய்யம்பெருமாள் சுற்றிலும் முள்ளை வெட்டி வைத்துவிட்டார். "காத்து அடிச்சா என்னங்க பண்றது வாத்தியாரே" என்று என்னைக் கேட்டார். நீ வந்தால் காட்டுகிறேன், அதற்குள் காற்று அடிக்காமல் இருக்க வேண்டும்.

அப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புள்ள தம்பி,
அடைக்கலசாமி


நொச்சிக்காடு, உன் வீட்டிலிருந்து,
28-6-1944

தம்பிக்கு,

இதை உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதி அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். நீ பள்ளிக்கூடத்தில் இருக்கிறாய். கூரைக்கு வெளியே உன் குரல் கேட்கிறது. நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறாய். எட்டிப் பார்த்தேன், ஒரு பிள்ளைகூடத் தூங்கவில்லை. என் வகுப்பில் பாதிப் பேர் தூங்குவார்கள். இதை எழுதாமல் போனால் நான் பொய்க்காரியாகிவிடுவேன்.

சித்திரையிலேயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். சாமியாரைப் பார்க்கப் போனபோது நற்சாட்சிப் பத்திரமும் வாங்கினேன். "மத்தியானத்துல கோயில்ல ஜெபம் பண்ற ஒரே டீச்சர் நீதான், ஒன்ன விட எனக்கு இஷ்டமில்ல" என்றார், ஆனால் கையெழுத்துப் போட்டார். ஜூலை முதல் தேதி திருச்சியில் இருக்க வேண்டும்.

செங்கமலம் அக்காவுக்குக் கொடுக்க உன்னிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. ஆகவே அப்பாவை உன்னிடம் கொண்டுவந்திருக்கிறேன். நேர்ச்சையில் சொன்னது அதுதான், 'அப்பாவ நான் பாத்துக்கறேன்' என்று. அரியலூரில் பஸ் மாறும்போது, "எங்கடி கூட்டிட்டுப் போற" என்று கேட்டார். "ஒங்க மவன் வூட்டுக்குத்தாம்பா" என்றேன். "எத்தினி நாளைக்கு" என்றார். நான் மூட்டையைத் தூக்கி அடுத்த பஸ்ஸில் வைத்தேன்.

காலையில் எழுந்ததும் இடுப்புக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டும். கம்பங்கூழ் கட்டி இருந்தால் குடிக்கமாட்டார். குழம்பில் புளி கூடினால் திட்டுவார், குறைந்தாலும் திட்டுவார். வெளிக்குப் போகத் தோளைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். தட்டி எழுப்பினால் கோபம் வரும், கூப்பிட்டு எழுப்பு. மூட்டையில் கம்பு கொஞ்சம் இருக்கிறது.

நீ வருவதற்குள் கிளம்பிவிடுவேன். உன் முகத்தைப் பார்த்தால் நின்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

மரிய புஷ்பம்


நொச்சிக்காடு,
6-8-1944

அக்காவுக்கு,

அப்பா உயிரோடு இருக்கிறார். நான் சுகமாக இல்லை.

இது என்ன நியாயம்? கோபம் என்றால் கடிதத்தில் திட்டு, நடக்க முடியாத மனுஷனைப் பார்சலைப்போல வாசலில் வைத்துவிட்டுப் போவாயா? அன்றைக்கு நான் வந்தபோது கட்டிலில் உட்கார்ந்து, "ஒங்கக்கா கடைக்குப் போயிருக்கா, வந்துடுவா" என்றார். மூன்று நாள் அதையே சொன்னார். நான்காம் நாள் வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

விடியுமுன் எழுந்து சமைக்கிறேன். கூழ் கட்டி தட்டுகிறது. "புஷ்பம் காய்ச்சினா தேனாட்டம் இருக்கும்" என்று தினமும் சொல்லிக் குடிக்கிறார். பாடம் நடக்கும்போது கூப்பிடுகிறார், விட்டுவிட்டு ஓடுகிறேன். போன வாரம் பொறுமை போய்க் கொளஞ்சியம்மாளை ஒரு அடி அடித்துவிட்டேன். அவள் அழவில்லை, என்னை அதிசயமாகப் பார்த்தாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. எனக்குப் பிடித்த ஒரே வேலையையும் நீ கெடுத்துவிட்டாய். இப்போது திருப்திதானே?

சண்டை வந்ததிலிருந்து அரிசி விற்கும் விலை உனக்குத் தெரியாதா? மாதத்தில் பாதி நாள் ஓடுவதற்குள் சம்பளம் தீர்ந்துவிடுகிறது. இரண்டு பேர் சாப்பிட முடியவில்லை. இதே சம்பளத்தில் நீ அப்பாவையும் பார்த்து, என்னையும் போர்டிங்கில் படிக்க வைத்தாயாமே, அது எப்படி? மந்திரமா செய்தாய்? அதையாவது எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

அடைக்கலசாமி


திருச்சி,
20-8-1944

தம்பிக்கு,

நான் சுகம். கால்தான் வீங்கியிருக்கிறது, நாள் முழுவதும் நிற்கிற வேலை. சீழும் ரத்தமும் நீ எழுதியபடியே உண்டு. ஆண்பிள்ளைகளையும் தொட்டுத் தூக்குகிறேன். வலியில் கிடக்கிறவனுக்கு நான் டீச்சரா, கல்யாணமானவளா என்று கேட்க நேரம் இல்லை. சாயங்காலம் படுக்கும்போது நாளைக்கு என்ன வேலை என்று யோசித்துக்கொண்டே தூங்குகிறேன். முன்பெல்லாம் நாளைக்கும் போக வேண்டுமே என்று தூங்குவேன்.

கொளஞ்சியம்மாளை அடித்தது தப்பு. அதை என் மேல் போடாதே. அவள் வீட்டுக்குப் போய், அவள் அப்பன் எதிரில், அடித்தது தப்பு என்று அவளிடமே சொல். வருவாள்.

எப்படிச் சமாளித்தாய் என்று கேட்டிருக்கிறாய். கோபத்தில் கேட்டாய் என்று தெரியும், இருந்தாலும் கேட்டுவிட்டாய். அப்பா கேட்டதில்லை. சாமியார் கேட்டதில்லை. நீ போர்டிங்கில் இருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் நெய் விட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போவாய், நீயும் கேட்டதில்லை. ஆகவே சொல்கிறேன்.

நான் சமாளிக்கவில்லை. மத்தியானம் சாப்பிடவில்லை.

மத்தியான மணி அடித்ததும் மற்ற டீச்சர்கள் தூக்குப்பாத்திரத்தைத் திறப்பார்கள். என்னிடம் திறக்க ஒன்றும் இருக்காது. முதல் நாள் எங்கே போவது என்று தெரியாமல் கோயிலுக்குள் போய் முழங்காலில் நின்றேன். ஒருத்தி பார்த்துவிட்டு, புஷ்பம் டீச்சர் ஜெபம் செய்கிறாள் என்றாள். மறுநாளும் போனேன். கொஞ்ச நாளில் ஊரே என்னைப் புண்ணியவதி என்றது. பிறகு எனக்கு வேறு வழியே இல்லை. கையில் நாலு காசு இருந்த நாளில்கூட ஒரு சுண்டல் வாங்கித் தின்ன முடியாது, ஜெபத்தை விட்டுவிட்டாளே என்பார்கள். ஒன்பது வருஷம் முழங்காலில் நின்று மாதாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, சோற்றை நினைத்துக்கொண்டிருந்தேன். மாதாவுக்குத் தெரியும், அவள் யாரிடமும் சொல்லவில்லை. நீ அதைக் காட்டித்தான் என்னைப் பொறுத்துக்கொள் என்று எழுதினாய். உடம்பு எரிகிறது என்று நான் எழுதியது அதனால்தான்.

இங்கே மத்தியானம் மணி அடித்தால் தட்டில் சோறு வைக்கிறார்கள். முதல் வாரம் சாப்பிடும்போதெல்லாம் அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் வீட்டு நினைவு என்று நினைத்துக்கொண்டார்கள். வீட்டு நினைவு இல்லை, உங்கள் எல்லோர் மேலும் உள்ள கோபம். அது இன்னும் போகவில்லை. போனால் எழுதுகிறேன்.

எனக்கு இங்கே கைச்செலவுக்குக் கொஞ்சம் தருகிறார்கள். அப்பாவின் எண்ணெய்க்கு என்று அதில் பாதி அனுப்புகிறேன், உனக்கு என்று இல்லை. கம்பு மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டு அடுப்பில் ஏற்று, கட்டி தட்டாது. நீ டவுனில் கடைக்காரர்களுக்குக் கடுதாசி, மனு எழுதிக் கொடுத்தால் ஏதாவது வரும், உனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். அப்பாவிடம் வீட்டு நிலவரத்தை மறைக்காதே. எனக்கு மறைக்கத் தெரிந்தது, அதனால்தான் அவருக்குத் தேனாக இருந்தது.

பட்டினியோடு அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்காதே. நிற்க நிற்க அவர்களைப் பிடிக்காமல் போய்விடும். நான் நின்று பார்த்தவள்.

உன் சுகத்தைப் பற்றி வழக்கமாக எழுதுவதை இனி எழுத வேண்டாம். மத்தியானம் சாப்பிட்டாயா என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
நர்ஸ் மாணவி மரிய புஷ்பம்